பிரித்துத் தைத்த கோட்டு

"ஒண்ணும் திருடு போகலைங்க. அதுதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றாள் தையல்கடைக்காரி.

அவள் மடியில் வெள்ளைத் துணி சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. தூங்கும் குழந்தையை வைத்திருப்பதுபோல் இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த கணக்கம்மா கல்லூரியில் கணிதம் நடத்தியவர். ஐம்பது வயதில் போதும் என்று வேலையை விட்டுவிட்டு வந்தார். அதன்பிறகு, தொலைந்த சாவியிலிருந்து தொலைந்த மாப்பிள்ளை வரை, அந்த வட்டாரத்தில் யாருக்கு எது புரியாவிட்டாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். அவர் கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். மதியம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வரும் நேரத்தில் யாராவது இப்படி வந்துவிட்டால் அவருக்குக் கொண்டாட்டம். இன்றும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையைக் கழுவியும் கழுவாமலும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"திருடே போகலைன்னா அப்புறம் என்னம்மா கேஸ்?" என்றார் ஏமாற்றத்தோடு.

"என்னங்க, அவங்க பேசட்டும்."

தையல்கடைக்காரி பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே கரும்பழுப்பு நிறத்தில் ஓர் ஆண்கள் கோட்டு. அந்துருண்டை வாசனை அறை முழுக்கப் பரவியது.

"எங்க வீட்டுக்காரருக்குத் தைச்சது. அவர் வெட்டி, நான் தைச்சேன். எங்க கடையில எல்லாமே அப்படித்தான். அவர் கட்டிங் மாஸ்டர். கத்தரியை எடுத்தா ராஜா, ஊசியைக் கொடுத்தா குழந்தை. ஒரு பட்டன் தைக்கச் சொன்னா விரலோட சேர்த்துத் தைச்சுக்குவார்." சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆச்சு. ஒரு நாள்கூட இதைப் போட்டுக்கலை. பின்னறையில ஸ்டாண்டுல மாட்டி, வெள்ளைத் துணியால மூடி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை மட்டும் திறந்து அந்துருண்டை மாத்துவேன்."

"இந்த ஞாயிறும் மாத்தினீங்களா?"

"மாத்தினேன். நல்லாத்தான் இருந்தது. நேத்து சாமான் கட்டறப்போ எடுத்தேன். யாரோ இதைப் பிரிச்சு, மறுபடி தைச்சிருக்காங்க."

"என்ன மாறியிருக்கு?"

"எதுவுமே மாறலைங்க! டேப் வச்சுப் பார்த்துட்டேன். அதே அளவு. வலது தோள் அவருக்குக் கொஞ்சம் இறக்கம், அதுக்காக நான் வச்ச பஞ்சுகூட அப்படியே இருக்கு. ஆனா நூல் புதுசு. என் நூல் மங்கியிருக்கும். ரெண்டு பக்கத் தையலும் இப்போ பளபளன்னு இருக்கு. லைனிங்கை மூடின கைத்தையலும் என்னுது இல்லை. என் தையல் இந்தப் பக்கம் சாயும், இது அந்தப் பக்கம் சாயுது." அவள் அந்தத் தையலை விரலால் தடவினாள். "இடக்கைக்காரங்க தையல். அவர் இடக்கைதான்."

மருந்துக்கடைக்காரர் தொடையில் தட்டினார். "அப்போ முடிஞ்சுது! அவரேதான் வந்திருக்கார்!"

கணக்கம்மா அவசரப்படவில்லை. "உங்களைச் சுத்தி வேற யாரு இடக்கை?"

"என் மகளும்தான். அப்பா மாதிரியே. ஆனா அப்பா போன நாளிலிருந்து அவ ஊசியைத் தொடறதே இல்லை. இஞ்சினியர் ஆபீஸ்ல பிளான் வரையறா. சாயங்காலம் கடைக்கு வந்து கணக்குப் பார்ப்பா, அவ்வளவுதான்."

"ஒரு எண்ணை அதாலேயே பெருக்கினா ஒன்பது வருது. அந்த எண் எதுன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்றார் கணக்கம்மா.

"மூணு" என்றார் கணவர் முந்திக்கொண்டு.

"மைனஸ் மூணும் ஒன்பதுதான் கொடுக்கும். ஒன்பதை மட்டும் கையில வச்சுக்கிட்டுத் திரும்பிப் போனா, வழி ரெண்டாப் பிரியுது. நேர்மாறுன்னு நாங்க ஒரு சொல் வச்சிருக்கோம், செஞ்சதைத் திருப்பிப் பழையபடி ஆக்கறது. ஒரு காரியத்துக்கு நேர்மாறு இருக்கணும்னா, முடிவிலிருந்து தொடக்கத்துக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கணும். இந்தச் சாய்ஞ்ச தையல் ஒன்பது மாதிரி. அதை வச்சு அவரையும் சொல்லலாம், உங்க மகளையும் சொல்லலாம்."

தையல்கடைக்காரியின் முகம் வாடிவிட்டது. கணக்கம்மா தன் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அவர் ஏன் போனார்?"

"ஒரு டாக்டரம்மா அவங்க பையனுக்குக் கோட்டு தைக்கத் துணி கொண்டுவந்தாங்க. விலை உயர்ந்த துணி, ஒரு சாண்கூட மிச்சம் கிடையாது. மடிச்சுப் போட்டு வெட்டினா ஒரு கை இடது, ஒரு கை வலதுன்னு தானா வந்துடும். அன்னிக்குத் துணி போதாம ஒவ்வொண்ணா வெட்டினார். இரண்டாவதைத் திருப்பிப் போட மறந்துட்டார். ரெண்டுமே இடது கை." அவள் கோட்டின் கையை நீவிவிட்டாள். "கடை நிறைய ஆளுங்க. 'வெட்டினதை ஒட்டவைக்க முடியுமா? இனிமே என் மேசையில உங்க கத்தரி படக்கூடாது'ன்னு கத்தினேன். மறுநாள் காலையில பார்த்தா மேசையில கத்தரி மட்டும் இருந்தது."

அவள் கோட்டை மடித்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம் கடையை வாங்கிக்கற துணிக்கடைக்காரர் கையில சாவியைக் கொடுக்கறதா பேச்சு. கொடுத்துட்டு அண்ணன் ஊருக்குப் போயிடுவேன். வந்தது அவர்தான்னா நான் எங்கேயும் போகமாட்டேன். அவர் இல்லைன்னா, இந்தக் காத்துக்கிடக்கறது போதும்ங்க. எதுவா இருந்தாலும் ஒண்ணு சொல்லிடுங்க."

"கோட்டு ஒரு நாள் இங்க இருக்கட்டும். லைனிங்கைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கலாமா?"

"பாருங்க. எனக்குத்தான் தைரியம் வரலை" என்றாள் அவள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, கோட்டின் காலரை ஒருமுறை நேராக்கிவிட்டுப் போனாள்.

மருந்துக்கடைக்காரர் பிளேடு கொண்டுவந்தார். "எங்கிருந்து ஆரம்பிக்கணும்?"

"கடைசியாப் போட்டதை முதல்ல எடுக்கணும். ஷூவைக் கழட்டாம சாக்ஸைக் கழட்ட முடியுமா? பல காரியத்துக்குச் சேர்த்து நேர்மாறு செய்யணும்னா வரிசையையும் திருப்பிப் போடணும். லைனிங்தான் கடைசி."

உள்துணி விலகியதும் கணக்கம்மா ஜன்னல் வெளிச்சத்தில் துணியைப் பிடித்தார். புதிய தையலுக்கு உள்பக்கமாக, கட்டைவிரல் அகலம் தள்ளி, பொடிப்பொடியான ஊசி ஓட்டைகள் மேலிருந்து கீழ்வரை ஒரே வரிசையாக ஓடின. அவற்றில் நூல் இல்லை. இன்னொரு பக்கத்திலும் அதேபோல, அதே அளவில். தோளிலும் கையிலும் பழைய மங்கிய நூல்தான் இருந்தது.

"பூச்சி அரிச்சிருக்குமோ?" என்றார் கணவர்.

"இவ்வளவு நேராவா?"

அவர் அசடு வழிந்தபடி கோட்டை முகர்ந்தார். அந்துருண்டையைத் தாண்டி வேறு ஏதோ மூக்கில் ஏறியது. இடது முழங்கையில் மூக்கை வைத்தவர் நிமிர்ந்தார். "டர்பன்டைன்! முப்பது வருஷம் மருந்துக்கடை நடத்தின மூக்கு, பொய் சொல்லாது." அந்த இடத்தில் துணி சற்று வெளுத்திருந்தது. வெளுப்பின் ஓரத்தில், நூலிழைகளுக்கு நடுவே, பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

கணக்கம்மா கணவரை மெச்சும் பார்வை ஒன்று பார்த்தார். அவருக்கு அந்த நாளுக்கு அது போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் இருவரும் தையல்கடைக்குப் போனார்கள். சுவரோரம் தையல் மெஷின்கள் சாக்கில் சுற்றி நின்றன. வெட்டும் மேசை மட்டும் கட்டப்படாமல் நடுவில் கிடந்தது. வாசலில் 'இக்கடை கைமாறுகிறது' என்று பலகை தொங்கியது. தெரு அகலமில்லை. எதிரே பஸ் நிறுத்தம், அதன் இரும்புத் தூண்கள் புத்தம்புதுப் பச்சையில் பளிச்சிட்டன.

துணிக்கடைக்காரர் உள்ளே அலமாரியை முழம் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல ஆகிருதியான மனிதர். அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் பச்சைக் கோடு ஒன்று இருந்தது. மருந்துக்கடைக்காரர் மனைவியின் விலாவில் இடித்தார்.

"என்ன சார் முதுகுல?"

"அதை ஏன் கேக்கறீங்க! செவ்வாய்க்கிழமை காலையில எதிர்த்தாப்ல பெயிண்ட் அடிச்சுட்டு, ஈரம்னு ஒரு அட்டைகூட எழுதி வைக்கலை. போய்ச் சாய்ஞ்சேன். நல்ல சட்டை பாழாப்போச்சு, இப்போ வேலைக்குத்தான் இதைப் போட்டுக்கறேன். அன்னிக்கு முழுக்க இந்தம்மா என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிச்சாங்க. இவங்க சிரிச்சு நான் பார்த்ததே அன்னிக்குத்தான்."

மகள் பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். இடது கையால்தான் ஊற்றினாள். வலது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"என்னம்மா ஆச்சு விரல்ல?" என்றார் மருந்துக்கடைக்காரர் தொழில் அக்கறையோடு.

"பென்சில் சீவறப்போ, மாமா" என்றாள் அவள். பார்வை ஒரு கணம் எதிர்ப்புறம் போய்விட்டுத் திரும்பியது. அங்கே யாரும் இல்லை, தூண்தான் இருந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் கணவர் துணிக்கடைக்காரரையே குற்றவாளியாக்கிக்கொண்டு வந்தார். "பச்சைப் பெயிண்ட் அங்கேயும் இருக்கு, இங்கேயும் இருக்கு. கோட்டுக்குள்ள ஏதாவது இருக்கும்னு தேடியிருப்பார்!"

"அந்தக் கோட்டை அவர் போட்டுப் பார்க்கணும்னா ஒரு கையை மட்டும்தான் நுழைக்க முடியும்" என்றார் கணக்கம்மா. 

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதிய வெயில் சாய்ந்த நேரத்தில் நால்வரும் வெட்டும் மேசையைச் சுற்றி நின்றார்கள். தையல்கடைக்காரி, மகள், துணிக்கடைக்காரர், கணக்கம்மா. கதவோரம் மருந்துக்கடைக்காரர். கணக்கம்மா கோட்டை உள்புறம் வெளியாகத் திருப்பி மேசையில் விரித்தார். சாவிக்கொத்து அதன் பக்கத்திலேயே கிடந்தது.

"தையலுக்கு நேர்மாறு, பிரிக்கறது. யாரோ இந்தக் கோட்டுக்கு ஒரு காரியத்தைச் செஞ்சிருக்காங்க, அப்புறம் அதுக்கு நேர்மாறையும் செஞ்சு பழைய நிலைக்குக் கொண்டுவந்திருக்காங்க. அதனாலதான் டேப்புக்கு எதுவும் தெரியலை. இங்க பாருங்கம்மா."

தையல்கடைக்காரி குனிந்தாள். உள்ளே ஓடிய ஓட்டை வரிசையை அவள் விரல் தொட்டது. தொழில் தெரிந்த விரல். பாதி தூரம் போவதற்குள் நின்றுவிட்டது.

"பிடிச்சிருக்காங்க" என்றாள் மெல்ல. "ரெண்டு பக்கமும் உள்ள பிடிச்சு, சின்னதாக்கியிருக்காங்க. அப்புறம் விட்டிருக்காங்க."

"ஆமா. ஒரு கோட்டை எதுக்குப் பிடிப்போம்? போடறவர் மெலிஞ்சிருந்தா. தோளைத் தொடலை, கையைத் தொடலை. நீங்க ஒரு பக்கம் கூடுதலா வச்ச பஞ்சுகூட அப்படியே பொருந்தியிருக்கு. அந்தத் தோள் எத்தனை பேருக்கு இருக்கும்? போட்டுக்கிட்டது அவர்தான். முன்னைவிட இளைச்சுட்டார்."

தையல்கடைக்காரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா தைச்சது அவர் இல்லை. நீங்களே சொன்னீங்க, பட்டனைக்கூட விரலோட சேர்த்துத் தைக்கிறவர்னு. ஆசையில அதை மறந்துட்டீங்க. முடிவிலிருந்து ரெண்டு வழி பிரிஞ்சுதே, அதுல ஒண்ணு அங்கேயே அடைபட்டுப் போச்சு. தவிர, ரெண்டு பக்கமும் ஒரே சீராப் பிடிச்சிருக்கு. தன் உடம்புல தானே இப்படிக் குண்டூசி குத்திக்க முடியாது. இன்னொருத்தர் சுத்தி வந்து குத்தியிருக்கணும். இடக்கைக்காரர். ஆறு வருஷமா ஊசி தொடாததால, துணியைப் பிடிச்ச வலது விரல்ல குத்திக்கிட்டவர்."

மகள் பிளாஸ்திரி ஒட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். மறைக்கிற மாதிரி இல்லை, வலிக்கிற மாதிரி இருந்தது.

"பென்சில்னு சொன்னியே!" என்றார் மருந்துக்கடைக்காரர் மனத்தாங்கலுடன்.

"இன்னும் ஒண்ணு பாக்கி" என்று கணக்கம்மா இடது முழங்கையைக் காட்டினார். "எல்லாத்தையும் திருப்பி வச்சாச்சு. இதை மட்டும் திருப்ப முடியலை. பச்சைப் பெயிண்ட். அதை எடுக்க டர்பன்டைன் போட்டதுல துணிதான் வெளுத்தது. செவ்வாய்க்கிழமைதான் அந்தத் தூண் ஈரமா இருந்தது. கோட்டைப் போட்டுக்கிட்டு அங்க வந்து, முழங்கையை ஊன்றி, இந்தக் கடையைப் பார்த்துக்கிட்டு நின்னிருக்கார். சொல்லும்மா, அப்பா ஏன் தெருவைத் தாண்டலை?"

மகள் அம்மாவைப் பார்க்காமல்தான் பேசினாள்.

"ரெண்டு மாசம் முந்தி ஆபீஸ் வேலையா ஒரு மில்லுக்குப் போனேன். அங்க பெட்டி அடுக்கிக்கிட்டு இருந்தார். கத்தரியை அப்புறம் தொடவே இல்லையாம். என்னைப் பார்த்ததும் முதல்ல கேட்டது, 'அந்தக் கோட்டு இருக்கா?'ன்னுதான். வீட்டுக்கு வாங்கப்பான்னு சொன்னேன். 'அதைப் போட்டுக்கிட்டு வந்தா உங்கம்மா உள்ள விடுவா'ன்னார். இந்தத் திங்கட்கிழமை எடுத்துட்டுப் போனேன். போட்டுப் பார்த்தா சாக்கு மாதிரி தொங்குச்சு. 'இப்படியே போனா, பாவம்னு சேர்த்துப்பா, அது வேண்டாம்'னு சொன்னார். அதான் பிடிச்சுக் கொடுத்தேன்."

"அப்புறம்?" என்றாள் அம்மா.

"எதிர்த்தாப்ல வரைக்கும் வந்தார். பலகையைப் பார்த்திருக்கார். இவர் உள்ள அளவெடுக்கறதையும், நீ இவரைப் பார்த்துச் சிரிக்கறதையும். அம்மா புது வாழ்க்கைக்குக் கிளம்பிட்டா, நடுவுல போய் நிக்க வேண்டாம்னுட்டார். 'கோட்டு எப்படி இருந்ததோ அப்படியே மாட்டிடு, நான் வந்தது தெரியக்கூடாது'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார்."

"ஐயோ, நான் அளவெடுத்தது அலமாரிக்கும்மா!" என்று அலறினார் துணிக்கடைக்காரர். "இந்தம்மா சிரிச்சது என் முதுகைப் பார்த்து!"

யாரும் சிரிக்கவில்லை. தையல்கடைக்காரி கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றாள் கணக்கம்மாவிடம். "அன்னிக்கு நான் சொன்ன வார்த்தைக்கு நேர்மாறு உண்டா?"

கணக்கம்மா பொய் சொல்லிப் பழகியவர் இல்லை. "கணக்குல இல்லைம்மா" என்றார்.

அவள் தலையாட்டினாள். பிறகு மகளிடம் கேட்டாள். "இப்போ எங்க இருக்கார்?"

"கடை இன்னிக்குக் கைமாறுதுன்னு சொன்னேன். கடைசியா ஒரு தடவை பார்த்துக்கறேன்னார். இந்நேரம்..." அவள் வாசலுக்கு வெளியே பார்த்தாள். பஸ் நிறுத்தத்தில், பலகை மறைக்காத ஓரத்தில், ஒல்லியான மனிதர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வலது தோள் சற்றே இறங்கியிருந்தது. பஸ் ஒன்று வந்து, நின்று, போனது. அவர் ஏறவில்லை.

தையல்கடைக்காரி திரும்பிப் பார்க்கவில்லை. "மெஷின் சாக்கை அவிழு" என்றாள்.

"அம்மா, முதல்ல போய்..."

"அவிழுன்னா அவிழு. இருபது வருஷம் தைச்சவ நான். அவரை அளவு சரியில்லாத கோட்டோட கூட்டிட்டு வரச் சொல்றியா?"

பிளேடு பக்கத் தையலில் சரசரவென்று ஓடியது. மகள் சாக்கை அவிழ்த்து நூல் கோர்த்துக் கொடுத்தாள். தையல்கடைக்காரி டேப்பை எடுக்கவில்லை. சாக்கட்டியைத் தேடவில்லை. மகள் விட்டுப்போன ஓட்டை வரிசையின் முதல் புள்ளியில் மெஷின் ஊசியை இறக்கி, ஒவ்வொரு ஓட்டையாக அதன் மேலேயே தைத்துக்கொண்டு போனாள். கண்ணீர் துணியில் விழாதபடி முகத்தை மட்டும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"லைனிங் மூடலையேம்மா" என்றாள் மகள்.

"அதை அப்புறம் பார்த்துக்கலாம்."

கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். துணிக்கடைக்காரர் மேசையில் கிடந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். பிறகு அதை அவளுடைய தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, வாசலுக்குப் போய்ப் பலகையைக் கழற்றினார். "எனக்கு வேற அலமாரி கிடைக்காமலா போகும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் உதடுகள் அசைவது தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பஸ்ஸுக்கு நேரம் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்பினார்.

"நமக்கு எந்த பஸ்?" என்று கணக்கம்மா கேட்பதற்குள் தெருவைத் தாண்டிவிட்டார். பஸ் வரும் திசையை வெகு அக்கறையாக உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றவர், சற்று நேரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பி வந்தார்.

"வெயில்ல கண்ணு எரியுது" என்றார்.

"என்ன பேசினாங்க?" இந்த முறை அவசரப்பட்டது கணக்கம்மாதான்.

"'அந்தத் தூண்ல சாயாதீங்க, கறை போகாது'ன்னாங்க."

"அவர்?"

"'தெரியும்'னார்."

"அவ்வளவுதானா?"

"அப்புறம் அவர் 'ரெண்டும் இடது கையாப் போச்சு'ன்னு ஏதோ ஆரம்பிச்சார். அவங்க கேட்கவே இல்லை. கோட்டைப் பிரிச்சுப் பிடிச்சு, 'கையை நுழைங்க'ன்னாங்க."

எதிரே கோட்டு தோளில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இடுப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மூடாத லைனிங் மட்டும் கீழே நழுவித் தொங்கியது. அவர் அதை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். தையல்கடைக்காரி இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்தாள். பிறகு அவர் முழங்கையைப் பிடித்தாள், அந்த வெளுத்த இடத்தில்.

இருவரும் தெருவைத் தாண்டி வந்தார்கள்.